இடது காலணி

ஊதுங்கள் என்றேன்.
ஊதினாள். முள் நானூறைத் தாண்டியது.
பூடோ நகரத்துத் தபால்காரி ஸோல்ஃப்ரிட்
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக
மாடிப்படியில் எங்கும் நிற்காமல் ஏறி வந்திருந்தாள்;
ஏறி வந்த கதையைச் சொல்லவும்
மூச்சு மிச்சம் வைத்திருந்தாள்.

மாதம் ஓர் ஊசி, புது மருந்து.
பழைய வெள்ளை மாத்திரையை
இருபதிலிருந்து பதினைந்து, பதினைந்திலிருந்து பத்து என்று
படிப்படியாக இறக்கிக்கொண்டிருந்தோம்.
அட்டவணை போட்டது நான்.
ஃப்ரிட்ஜ் கதவில் அதை மாட்டிவைக்க
மீன் வடிவக் காந்தம் கொடுத்ததும் நான்.

ஐந்துக்கு வந்த அன்று
ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துவந்தாள்.
கன்னத்தின் வீக்கம் வற்றி
பாஸ்போர்ட்டில் இருந்த முகம் கரையேறியிருந்தது.
"எல்லையில் இனிமேல் என்னை நம்புவார்கள்."
சிரித்தோம்.
நான் இரண்டாவது ரொட்டியும் தின்றேன்.

அக்டோபரில் மூக்கடைப்பு. சளிதான் என்றாள்.
நவம்பரில் கணுக்காலுக்கு மேலே
பெர்ரிப் பழத்தை நசுக்கியதுபோல் புள்ளிகள்.
கம்பளிக் காலுறை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.
கம்பளி, என்று எழுதிக்கொண்டேன்.
என் கையெழுத்து அங்கே தெளிவாக இருக்கிறது.

டிசம்பரில்
அவளுக்கு முன்பாக அவள் நடை வந்தது:
டக், சர்ர். டக், சர்ர்.
இடது பூட்ஸின் முனையில் தோல் உரிந்து
உள்ளே இருந்த துணி எட்டிப் பார்த்தது.
கிறிஸ்துமஸ் பார்சல், பை கனம், பனி வழுக்கல்,
அவளிடம் காரணங்கள் கட்டுக்கட்டாக இருந்தன.

"குதிகாலில் நடந்து காட்டுங்கள்," என்றார் டாக்டர் தாங்கன்.
வலது கால் கேட்டது.
இடது கால் கேட்கவே இல்லை.
"விரலுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை," என்றாள்.
இந்த உவமை என்னுடையதல்ல. தபால்காரியின் வேடிக்கை.
அவள் சொல்லி முடித்தபோது
அறையில் யாரும் சிரிக்கவில்லை, அவளைத் தவிர.

ரத்தத்தில் நூற்றுக்கு நாலு இருக்க வேண்டிய அணுக்கள்
நாற்பத்தொன்று.
காலிலிருந்து அரிந்தெடுத்த நரம்புத் துணுக்கில்
குழாய்ச் சுவரெல்லாம் அதே சிவப்பு மணிகள்.
அந்தச் சாயத்துக்கு
பழைய கிரேக்கர்களின் விடியல் தேவதை பெயராம்.
ஜன்னலுக்கு வெளியே
சூரியன் மலையைத் தாண்டி வராத இரண்டாவது வாரம்.
அன்று பூடோவில் விடிந்தது
அந்தக் கண்ணாடித் தகட்டில் மட்டும்தான்.

"ஊசி கொண்டுவந்ததா இது?"
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இருக்கலாம். ஆனால்
முன்னமே உள்ளே இருந்ததை
மாத்திரை அமுக்கி வைத்திருந்தது என்றுதான்
பெரும்பாலும் நினைக்கிறோம்.
உங்கள் விஷயத்தில் எது என்று
எனக்குத் தெரியாது."

நீறு பூத்த நெருப்பு.
ஆஸ்துமா என்று பேர் வைத்து
பன்னிரண்டு வருடம் கூப்பிட்டோம்; அதுவும் ஏன் என்றது.
வெள்ளை மாத்திரைதான் நீறு.
வாரம் கொஞ்சமாக அதை வழித்தெடுத்தது என் அட்டவணை.
மாதாமாதம் எதிரில் உட்கார்ந்து
ஊதுங்கள், இன்னும் நன்றாக ஊதுங்கள் என்று
சொல்லிக்கொண்டிருந்ததும் நான்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை.
அது உதவியாக இல்லை.

அறுபதில் மறுபடி தொடங்கினோம்.
கூடவே சொட்டுச் சொட்டாக ஒரு கடுமருந்து.
பாஸ்போர்ட் முகம் மறுபடி மூழ்கியது.
தெருச் சுற்று போய்விட்டது; இப்போது
கிடங்கில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிறாள்.
பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டைக்காக
இடது பூட்ஸ் மட்டும் ஒரு அளவு பெரிது.
ஜோடியாகத்தான் விற்பார்களாம்.
மிஞ்சும் வலது பூட்ஸை என்ன செய்வது என்று
என்னிடம் கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

முள் இன்றைக்கும் நானூறைத் தாண்டுகிறது.
"மூச்சில் ஒரு குறையும் இல்லை," என்கிறாள்,
என் மனம் கோணக் கூடாது என்பதுபோல்.

இப்போதெல்லாம்
பெயரைக் கூப்பிட்டுவிட்டு
கதவைத் திறந்துவைத்து, திரையைப் பார்க்காமல் நிற்கிறேன்.
ஊதும் குழாய் மேசையிலேயே இருக்கட்டும்.
தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து
யாரோ எழுந்து
நடக்கத் தொடங்குகிறார்.